பிறப்புக் காகிதம்

புக்கிட் ரோத்தான் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு அன்னம்மா படம் பார்க்கப் போகவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக ரப்பர் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அதைப் படமாக வேறு பார்க்க வேண்டுமா? தன் பிறப்புக் காகிதத்தைத் திருப்பிக் கேட்கப் போனாள்.

அவளிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் புல் வெட்டியே முதுகு வளைந்தவள், அட்டைப்படி மட்டும் அந்நியக்காரி. குடிமக்களுக்குத் தரும் நீல அட்டைக்கு மனுப் போட்டிருந்தாள். வரும் திங்கட்கிழமை விசாரணை. பிறப்புக் காகிதத்தின் அசல் இல்லாமல் வரவே வேண்டாம் என்று பதிவு ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வேறு நகல் எடுக்கவும் வழியில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் ஜப்பான்காரன் காலத்திலேயே எரிந்துபோய்விட்டன.

காகிதம் ஓவியர் சேதுவிடம் போய் இரண்டு வருஷம். சேது, செரண்டாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். கோலாலம்பூரில் பேர் வாங்கியவன். மோட்டார் சைக்கிளில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லயம் லயமாக வந்து, "நம்ம பாரம்பரியத்த வரையப் போறேன், பழைய காயிதம் எது இருந்தாலும் குடுங்க" என்று கேட்டான். நம்ம பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறான் என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அன்னம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அப்பா செல்லன் விட்டுப்போன கட்டு முழுக்கக் கப்பல் சீட்டுதான் என்று நினைத்து அப்படியே கொடுத்தாள். போன மாதம் ஆபீசில் யாரோ ஒருத்தரின் பழைய தாளைக் காட்டி, இதுபோல் இருக்கிறதா என்று கேட்டபோதுதான் அந்தக் கட்டோடு போனது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. மேலே, அவள் கொடுத்த தாளில் இருந்த அதே கிரீட முத்திரை.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். வெளியே சாயங்கால மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் சேதுவின் ஓவியங்களை எடுத்த போட்டோக்கள் ஒவ்வொன்றாக விழ, அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். பேச்சுக்கு என்ன குறை!

"நம்ம ஜனங்களோட அடையாளம் அழிஞ்சு போயிறக் கூடாது. அதனாலதான் அவங்க குடுத்த காயிதங்கள வச்சே இந்த முகத்தச் செஞ்சேன்."

துணி நிறைய, ரப்பர் மரம் சீவும் ஒரு பால்மரக்காரியின் முகம். அதன் இடது கன்னத்தில் கிரீட முத்திரை, அவளுக்குத் தெரிந்த அதே எலி கடித்த மூலை.  அன்னம்மா பக்கத்தில் இருந்த பள்ளி ஆசிரியை புஷ்பவள்ளியின் தோளைத் தொட்டாள்.

"டீச்சர், அந்தக் கன்னத்துல என்னா எழுதிருக்கு?"

"பேரு அன்னம்மா. அப்பா பேரு செல்லன். பொறந்த வருஷம் முப்பத்து நாலு. கீழ தெரியலைங்க, சாயம் பூசிருக்கு."

தன் பிறப்பை ஒருத்தர் வாசிக்க அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம். அதற்குள் எல்லாரும் கைதட்டினார்கள்.

விளக்கு எரிந்ததும் நேரே சேதுவிடம் போனாள். விஷயத்தைக் கேட்கக் கேட்க அவன் முகம் சுண்டிப்போனது.

"பசை போட்டு ஒட்டிட்டேங்க்கா."

"பிச்சுக் குடுங்க தம்பி. கிழிஞ்சாலும் பரவால்லலா."

"படமே இங்க இல்ல. வித்தாச்சு. ஆஸ்திரேலியா போயிருச்சு. இந்தப் போட்டோவ வேணும்னா பெருசாக் கழுவித் தரேன். ஆபீசுக்கு நானே கூட வந்து பேசறேன்."

"அசல்தான் வேணும்னாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்னம்மாவுக்கு ஆத்திரம் வந்தது.

"ஒங்க பொறப்புக் காயிதம் எங்க தம்பி இருக்கு? அதையும் ஒட்டிட்டீங்களா?"

 சேது மெல்ல, "அப்பாகிட்ட இருக்குக்கா. அலமாரில பூட்டி வச்சிருக்காரு" என்றான்.

அவளுடைய ஆத்திரம் அப்படியே அடங்கிப்போனது. அதற்குப் பதில் வந்த துக்கம் அதைவிடப் பெரிது.

"எங்கப்பாவும் பூட்டித்தான் வச்சிருந்தாரு தம்பி. தொறந்து குடுத்தவ நான்தான்."