பேனாவின் பின்முனை

அம்மா விடைத்தாள் திருத்துவதை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தபோது, மாலை ப்ரோக்ராமிங் வகுப்பில் எங்களுக்குப் பென் டேப்லெட் பாடம் தொடங்கியது. கணினியோடு ஒயரில் இணைக்கும் கறுப்புப் பலகை அது. அதன்மேல் அதற்கென்றுள்ள பேனாவால் எழுதினால் எழுத்து திரையில் விழும். வீட்டிலும் ஒன்று இருந்தது. கல்லூரியில் அம்மாவுக்குக் கொடுத்தது. இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

அம்மா புஷ்பம் வணிகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வுக்குப் பிறகும் பழைய கல்லூரியிலிருந்து விடைத்தாள்கள் வரும்; இந்தத் தடவைதான் முதன்முதலாக ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திரையிலேயே திருத்தினாள். ஒவ்வொரு விடைக்கும் இடது மார்ஜினில் பேனாவால் மதிப்பெண்ணை வைத்தால் போதும், மென்பொருள் கூட்டிக்கொள்ளும். ஆனால் தாளை முடித்து அனுப்பப் போகும்போதெல்லாம், திருத்தாத விடைகள் இருக்கின்றன என்று ஓர் அறிவிப்பு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

"போட்டேனேட்டி" என்பாள். மறுபடி போடுவாள். சில தாள்களை அறிவிப்பைக் கவனிக்காமலேயே அனுப்பிவிட்டாள். பிறகு, போட்டேன் என்று சொல்வதும் நின்றுபோனது.

கல்லூரி ஒருங்கிணைப்பாளர் ஆனந்தகுமார் சார் போனில் என்னிடம்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நானும் மேடம்கிட்ட படிச்சவன்தான். உங்க தாத்தாவுக்கு மறதி வியாதி இருந்துச்சுன்னு மேடமே ஒரு தடவ சொல்லியிருக்காங்க. ஒரு டாக்டர்கிட்ட காமிச்சிடேன்."

தாத்தா கடைசியில் அம்மாவைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரு மாதம் கழித்து நேரம் வாங்கினேன். அம்மாவிடம் சொன்னபோது "சரி" என்றாள். அழுகை வரும் என்று இருவருமே காத்திருந்தோம் போல. வரவில்லை. நான் துணிகளை மடித்து வைத்தேன்.

பகலில் எனக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அது முடிந்ததும் பக்கத்துத் தெரு மாடியில் வகுப்பு. அந்த வாரப் பயிற்சி எளிதானதுதான். பேனா தொடும்போது பலகை ஒரு செய்தி அனுப்பும், நகர நகர வேறு செய்திகள், எடுத்ததும் கடைசிச் செய்தி. அவற்றை வாங்கி நம் மென்பொருள் கோடு வரைய வேண்டும். நான் வரிவரியாகச் சரிபார்த்தேன். கோடு வந்த பிறகும், தற்செயலாக வந்திருக்குமோ என்று மறுபடி சரிபார்த்தேன்.

பக்கத்து இருக்கை ஷ்ரவண் என் பேனாவைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துக் கிறுக்கினான்.

"இன்னா தேவானை, பின்னாடி வச்சாலும் எழுதுது உன் ப்ரோக்ராம்?"

"பின்னாடி எதுக்கு வைக்கணும்?"

"அது ரப்பர், தாயே. ஸ்கூல் பென்சில் மாதிரி. எந்த முனை வருதுன்னு அந்தப் பலகை முன்கூட்டியே கத்தினு கீது. நீதான் காதுல வாங்கல."

"எனக்கு யாரும் சொல்லல."

"நான் சொல்றேன்ல? ஃபீஸ் குடு, இல்லாட்டி ஒரு பஜ்ஜி வாங்கிக் குடு."

எந்த முனை என்று கேட்கும் வரிகளைச் சேர்த்தேன். முன்முனைக்கு நீலம், பின்முனைக்குச் சிவப்பு. வகுப்பில் சரியாக வேலை செய்தது. ஒரே ஒரு டேப்லெட்டில் சரியாக வருவதை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று பட்டது. வேறொன்றிலும் பார்க்கலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு எந்த நினைப்பும் இல்லை.

ஞாயிறு காலை அம்மாவைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் எழுதிப் பாரும்மா. நானே எழுதினா நான் நினைச்ச மாதிரிதான் எழுதுவேன்."

"என்னத்த எழுத?"

"சும்மா, பேப்பர் திருத்துற மாதிரி."

அம்மா கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். என் வகுப்புத் தேர்வுத்தாளின் படத்தைத் திரையில் வைத்தேன்.

"கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு கையெழுத்து. இதுக்கு எவன் மார்க்கு போடுவான்?" என்றபடியே மார்ஜினில் நீலத்தில் நாலு, ஐந்து, மூன்று என்று எழுதினாள். பக்கம் முடிந்தது. உடனே பேனாவை விரல்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தை மார்ஜினின் உச்சியில் வைத்து மெல்லக் கீழே இழுத்தாள். உதட்டுக்குள் கூட்டினாள். "நாலு, ஒம்போது, பன்னெண்டு." அவள் கண் பேனாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பேனாவுக்குப் பின்னால் மார்ஜின் நெடுகச் சிவப்பு வந்துகொண்டிருந்தது.

காகிதத்தில் திருத்திய காலம் முழுக்க அம்மா இப்படித்தான் செய்திருக்கிறாள். விட்டுப்போன விடை இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் பக்கத்தைத் திருப்புவாள். மை படக்கூடாது என்று பின்பக்கத்தால் தொடுவாள்.

எனக்கு அப்போதும் சந்தேகம். கல்லூரி மென்பொருளில் பழகுவதற்கென்று ஒரு மாதிரித் தாள் உண்டு. அதைத் திறந்து அதிலும் செய்யச் சொன்னேன். இந்த முறை இருவரும் பேனாவுக்குப் பின்னால் பார்த்தோம். நாலு மறைந்தது. ஐந்து மறைந்தது.

அம்மா சிரிப்பாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பிள்ளைங்க மார்க்கு என்னாச்சு?" என்றாள்.

ஆனந்தகுமார் சாருக்குப் போன் போட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அட, அப்படியா! இன்னும் ரெண்டு பேருக்கு இதே மாதிரி ஆச்சும்மா. எல்லாம் சீனியர்ஸ். வயசுன்னு நெனச்சோம். பேப்பரெல்லாம் வேற ஆள் திருத்தி ரிசல்ட்டே வந்தாச்சு. பசங்களுக்கு ஒண்ணும் பாதிப்பில்ல."

"அடுத்த செமஸ்டருக்கு அம்மா..."

"புது ஆளுங்கள போட்டாச்சேம்மா. மேடம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

அம்மா டேப்லெட்டின் ஒயரை அதைச் சுற்றியே கட்டினாள்.

"நீயும் நம்புனல்லா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"நீயே ஒத்துக்கிட்டியேம்மா."

"ஆஸ்பத்திரிக்கு நீ போன்ல பேசினது உள்ள எனக்குக் கேட்டுது. தாத்தா மாதிரியேதான் இருக்குன்னு சொன்ன. பொறவுதான் ஒத்துக்கிட்டேன்."

எது முதலில், எது பிறகு என்று மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். அவள் சொன்ன வரிசைதான் சரி.

"கேன்சல் பண்ணிடறேன்" என்று போனை எடுத்தேன். ஆஸ்பத்திரி எண் திரையில் இருந்தது. சிவப்புக் கோடு மார்ஜின் வெறுமையானதற்குத்தான் பதில் சொல்கிறது. அறிவிப்பைக் கவனிக்காமல் அனுப்பிய தாள்கள்? களைப்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எண்ணை அழுத்தாமல் அப்படியே நின்றேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள்.

"வேண்டாம், போவோம்" என்றாள்.

"எதுக்கும்மா? அதான் தெரிஞ்சுபோச்சே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்கு?"

அவள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுக்கப் போனாள். அடையாறுக்கு மாறாமல் போகிற பஸ் உண்டா என்று அங்கிருந்து கேட்டாள். போனில் பார்த்துச் சொன்னேன்.