காப்பி ஊற்றித் திறக்கும் கதவு

1

“காப்பியை எல்லாம் படிவத்துல எழுதுவாங்களா? அது குடிக்கிற சாமான்.”

“உன் பசங்க குடிக்கலையே உர்ப்போ. கதவுல ஊத்தினாங்க.”

“மிச்சத்தைக் குடிச்சோம்ல?”

இந்தக் கதை பிறந்தது இந்த மூன்று வரியில். இந்த வடதேசத்தில், பெட்ரோல் பங்கை ஒட்டிய உணவகத்தில் வேலைக்கு வந்து எனக்கு இது ஐந்தாவது குளிர்காலம். ஏலக்காய் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டே காதைக் கொடுத்தேன். இந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஐந்து வாக்கியம் பேசினால் அது சண்டை. அவர்கள் ஏழாவதில் இருந்தார்கள்.

பெயர்கள் நான் வைத்தவை. அந்த அம்மாளுக்கு மார்கெட்டா ரஹ்கோலா: ராணுவத்துக்கு வண்டி வாங்கும் அலுவலகத்தில் சோதனைப் பொறியாளர். எதிரே சீருடையில் உர்ப்போ கெல்லோனியெமி: சார்ஜென்ட், சோதனையில் இருக்கும் மூன்று கவச வண்டிகளில் ஒன்றுக்குத் தலைவர். துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை வைத்து மீதியை நானே கட்டினேன். எங்கே கட்டினேன் என்பதை முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

“பனி கொட்டிக்கொண்டிருந்தது” என்று முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். மைனஸ் முப்பத்திரண்டு டிகிரியில் பனி கொட்டாது; வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். நான் பனியை முதன்முதலில் பார்த்தது மொழிபெயர்ப்பு நாவல்களில். அங்கே அது ஓய்வில்லாமல் கொட்டும்.

“எட்டுச் சக்கரம், பதினொரு இருக்கை, மேலே புதிய பீரங்கி, இருட்டிலும் குறிதவறாத —” இதையும் பாதியில் நிறுத்தினேன். அதில் விற்க வந்தவரின் குரல் கேட்டது.

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது.

ஆறு வாரமாக ஒரு குறையும் வராதது மார்கெட்டாவை உறுத்தியது. முப்பது வருட வேலையில் குறையில்லாத வண்டியை அவர் பார்த்ததில்லை. மூன்று வண்டி, வண்டிக்குத் தினம் ஒரு குறைப் படிவம். நூற்றெட்டுப் படிவங்களிலும் ஒரே பதில்: இல்லை.*

[* வாரத்துக்கு ஆறு நாள் கணக்கு. நூற்றெட்டில் வேறெந்த அர்த்தமும் தேடவேண்டாம். நானும் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.]

அதனால் நேற்று அவரே ஏறி, உர்ப்போ வண்டியின் பின்பகுதியில் வீரர்களோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் காட்டுக்குள் ஓடி வண்டி நின்றது. இறங்கும் விளக்கு பச்சையானது. பின்கதவு திறக்கவில்லை.

யாரும் பதறவில்லை. கதவோரம் இருந்தவன் கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்கை எடுத்தான். தாழ்ப்பாளின் மேல் விளிம்பில் நிதானமாகக் காப்பியை ஊற்றினான். மூன்று எண்ணினான். தோளால் ஒரு இடி. கதவு திறந்தது. எல்லோரும் இறங்கினார்கள்.

“இது எத்தனை நாளா நடக்குது?” என்றார் மார்கெட்டா.

“ரெண்டாவது வாரத்துலேர்ந்து,” என்றார் உர்ப்போ. “சர்க்கரை போட்ட காப்பின்னா தாழ்ப்பாள் பிசுக்காயிடுது. அதனால பசங்க சர்க்கரையையே விட்டுட்டானுங்க. உடம்புக்கும் நல்லதுதான்.”

“மத்த ரெண்டு வண்டியிலயும்?”

“அங்க பழச்சாறு ஊத்திப் பார்த்தாங்களாம். நம்ம காப்பிதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க.”

“கதவு திறக்கலைன்னு ஏன் யாருமே எழுதலை?”

உர்ப்போ உண்மையிலேயே குழம்பினார். “திறந்துச்சே.”

அன்று மாலை மார்கெட்டா படிவத்தை எடுத்துப் பார்த்தார். கேள்வி இப்படி இருந்தது: “வேலை நின்றுபோகும்படி ஏதாவது நடந்ததா?” வேலை ஒருநாளும் நிற்கவில்லை. யாரும் பொய் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கேள்வியை எழுதியது மார்கெட்டாவேதான். எதையும் வாய்திறக்காமல் சமாளித்துவிடுவதையே பழக்கமாக வைத்திருக்கிறவர்களிடம், சமாளிக்க முடியாததை மட்டும் அவர் கேட்டிருக்கிறார்.

காரணமும் அவருக்குப் புரிந்தது. கம்பெனிக்காரர்கள் வண்டியை மைனஸ் நாற்பது அறையில் நிறுத்தித்தான் கதவைச் சோதித்தார்கள். ஆனால் காலி வண்டி. ஆள் இருந்தால்தானே மூச்சு இருக்கும். பதினொரு பேருடைய மூச்சு இரண்டு மணி நேரம் தாழ்ப்பாளில் படிந்து உறைகிறது.

(பதினொரு பேருடைய மூச்சு ஒரே இடத்தில் கூடி — வேண்டாம். இங்கே கவிதையாகப் போகப் பார்த்தேன்.)

3

உர்ப்போவிடம்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதல் பிரதியில் அவர் கள்ளத்தனம் பண்ணுகிறவர். ஆனால் கண்ணெதிரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவர் அப்படி இல்லை.

“பழைய வண்டியில பதினாலு குளிர்காலம் ஓட்டியிருக்கேன்,” என்றார் அவர். “நாற்பது வயசு வண்டி. புகை உள்ள வரும். பசங்க இறங்கினதும் வாந்தி எடுப்பானுங்க. நீங்க இந்தக் கதவைப் பத்தி ஒரு வரி எழுதினா சோதனை அடுத்த குளிர்காலத்துக்குப் போயிடும். வண்டி வர்றதுக்கு அதுக்கப்புறம் ரெண்டு வருஷம்.”

“எழுதாட்டி?”

“பிளாஸ்க் இருக்கு.”

“வண்டி தீப்பிடிச்சா? உள்ள அடிபட்டவன் இருந்தா? அப்ப யாரு நிதானமா ஊத்தி மூணு எண்ணுவா?”

உர்ப்போ ரொட்டித் துணுக்குகளை ஓரமாக ஒதுக்கினார். “அடுத்த வருஷம் ஜூலையில என் பொண்ணு சேர்றா,” என்றார். “இதே படையணி. பசங்களுக்குத்தான் ராணுவம் கட்டாயம், அவளா கேட்டு வர்றா.”

அந்த மகள் நான் சேர்த்தது. மலிவான வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்து அவளை நீக்கிப் பார்த்தேன். உர்ப்போ வெறும் பிடிவாதக்காரராகிவிட்டார். மறுபடி சேர்த்தேன். புகை வரும் வண்டியிலோ திறக்காத வண்டியிலோ அவள் உட்காரப்போகிறாள். எது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

4

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் மார்கெட்டா அறிக்கையில் உண்மையை எழுதுகிறார். வாங்கும் குழு சிரிக்கிறது. நூற்றெட்டுப் படிவத்துக்கு எதிராக ஒரே ஒரு நாள் நிகழ்ச்சி, அதுவும் காப்பி. தற்செயல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவதில் கம்பெனி பதினைந்து நாளில் தாழ்ப்பாளை மாற்றித் தருகிறது. எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு திருகாணியை மாற்றவே ஒன்றரை வருடம் கடிதம் போகும் என்று மார்கெட்டா சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

மூன்றாவதில் மார்கெட்டா வண்டி சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில், பச்சை விளக்கு எரிந்ததும், உள்ளேயிருந்து அந்தப் பெண் —

இதை முடிக்க மாட்டேன். நான் சேர்த்த ஆள் என்பதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றில்லை.

5

இனி வருவது நான் கண்ணால் பார்த்தது.

மணி பதினொன்றரை. ஒரு மணிக்குக் கடைசிச் சோதனை ஓட்டம். வாங்கும் குழுவினர் நான்கு பேர் உர்ப்போவின் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வருவார்கள். அதற்குப் பிறகு படிவம் கிடையாது, முடிவுதான்.

உர்ப்போ எழுந்து கல்லாப்பெட்டிக்கு வந்தார். அடிபட்டு நசுங்கிய எஃகு பிளாஸ்கை என் முன்னால் வைத்து மூடியைத் திருகித் திறந்தார். தினமும் வருபவர், சர்க்கரை வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் நான் நிரப்பிக்கொடுத்தது எதற்கு என்றுதான் தெரியாமலிருந்தது.

பிளாஸ்கைக் காப்பிக் குழாயின் கீழே பிடித்தேன். கை குழாயில் இருந்தது.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கதையில் முடிவெடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். குழாய் என் கையில் இருந்தபோதுதான் கணக்கு மாறியது. இப்போது நீங்களும் இங்கேதான் நிற்கிறீர்கள்.

மார்கெட்டா மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“உர்ப்போ, இன்னைக்கு மட்டும் அதைக் காலியா எடுத்துட்டு வாயேன்.”