உத்திராபதியின் நிழல் எடுத்த ஒரு நாள் விடுப்பு

ஐம்பத்தெட்டு வயது முடிந்து உத்திராபதி ஓய்வு பெற்றதற்கு மறுநாள், காலை ஆறரை மணிக்கு, அவருடைய நிழல் மட்டும் எழுந்து வழக்கம்போல வேலைக்குப் போயிற்று. வலங்கைமானில் அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். மீரா உசேன் பாயின் அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் காயவைக்கும் களத்துக்கு முப்பத்தோரு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் உத்திராபதி. நிழல் நேராக அந்தக் களத்துக்குப் போய், நெல்லின் மேல் விழுந்து நடந்து, குருவி காக்காய்களை விரட்டத் தொடங்கியது. பாய் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, வெயில் நாளுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று பேசி முடித்தார். உச்சிவேளையில் அது தோசை அளவுக்குச் சுருங்கிவிடும், பறவைகள் மதிக்காது. அதைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொண்டார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அது பனைமரம் உயரத்துக்கு நீண்டு மூன்று ஆள் வேலை பார்த்ததால், பாய்க்கு நஷ்டமில்லை.

நிழல் போனதற்குக் காரணம் உத்திராபதிதான். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு கும்பகோணத்தில் ஒரு வங்கி நடத்திய கூட்டத்தில், “வருமானம் ஒரே இடத்துலேர்ந்து வரக்கூடாது சார், மூணு நாலு தனித்தனி வழி வேணும், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடணும்” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உத்திராபதி சொன்னபடி செய்தார். பி.எஃப். பென்சன் மாதம் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஓய்வில் கைக்கு வரப்போகும் பணம் தபால் ஆபீசில், மூன்று மாதத்துக்கொரு வட்டிக்கு. மனைவி நீலாயதாட்சியின் பங்காகப் பேராவூரணியில் உள்ள தென்னைகளுக்குக் குத்தகை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்தி அனுப்புவது. நாலும் சேர்ந்தால் இரண்டு பேர் சாப்பிட்டு மாத்திரையும் வாங்கலாம். ஆனால் மனுஷன் அடங்கவில்லை. அறுபது தென்னையில் புயலுக்குத் தப்பியது இருபத்திரண்டு. இன்னொரு புயல் வந்தால்? வட்டியைக் குறைத்தால்? ஆர்த்திக்கு வேலை போனால்? முதலில் எண்பத்துநாலு வயது வரைக்கும் திட்டம் போட்டார். எதிர்வீட்டுப் பெரியவர் தொண்ணூற்றேழு வரை இருந்துவிட்டதைப் பார்த்து நூற்றுநாலு வரைக்கும் நீட்டினார். கூடத்திலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து வாசலுக்கும் நடந்து நடந்து, மொசைக் தரையில் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர்கூட ஓடியது. உட்கார்ந்து ஒரு காபியை அடிவரை குடித்தவர் இல்லை. அவர் பின்னாலேயே ஆறு மாதம் நடந்த நிழல், நடப்பதுதான் நடக்கிறோம், கூலிக்கு நடப்போமே என்று முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை. சனிக்கிழமைதோறும் கூலியை நீலாயதாட்சி போய் வாங்கி வந்தாள். ஐந்தாவது வழியும் ஓடத் தொடங்கியது. உத்திராபதி அதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டு, மேகம் மூடினால் என்ன செய்வது என்று நடந்தார்.

பென்சன் வாங்குபவர்கள் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை வங்கியில் காட்ட வேண்டும்; உத்திராபதிக்குக் கும்பகோணம் கிளை. முதல் மூன்று நவம்பரும் அடைமழை. வரிசையில் யாருக்கும் நிழல் விழவில்லை, யாரும் கேட்கவில்லை. நாலாம் வருஷம் மழை பொய்த்தது. கூட்டம் தாங்காமல் வாசலில், வெயிலில், மேசை போட்டிருந்தார்கள். புதிதாக வந்த அதிகாரி சபரிநாதன் உத்திராபதியின் காலடியைப் பார்த்துப் பேனாவை மூடினார்.

“கைரேகை பதியுது, எல்லாம் சரிதாங்க. ஆனா நெழல் விழலையே. உசுரோட இருக்கீங்கன்னு எழுதினா நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க.”

“நான்தான் பேசறேனே சார்.”

“பேசறதெல்லாம் புரூஃப் ஆகாதுங்க. முப்பதாம் தேதிக்குள்ள நெழலோட வாங்க. இல்லேன்னா பென்சன் நின்னுரும்.”

உத்திராபதி களத்துக்கு ஓடினார். நிழல் நிற்கவில்லை. அவர் துரத்த, அது நடக்க, இரண்டு பேருமாக நாற்பது சுற்று சுற்றி நெல்லைக் கிளறியதில் அன்றைக்கு நெல் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. மீரா உசேன் பாய் சிரித்தார்: “வெயிலடிச்ச நாள்ல ஒரு நாள்கூட லீவு போட்டதில்லண்ணே அது. முப்பத்தோரு வருஷம் நீங்க போட்டீங்களா? அப்புறம் அது மட்டும் எப்படிப் போடும்?”

இருபத்தொன்பதாம் தேதி வரை தினமும் போய்த் தோற்றார். முப்பதாம் தேதி நீலாயதாட்சி அவரை வங்கி வரிசைக்கு அனுப்பிவிட்டு, தான் களத்துக்குப் போனாள். புருஷனின் நிழலை வா போ என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

“இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க. அங்க ஒருத்தர் செத்தவரு கணக்குல நிக்கிறாரு. அந்த பென்சன் நின்னா, அவருக்கப்புறம் எனக்கு வர வேண்டிய பாதியும் போச்சு. இந்த ஓட்டமெல்லாம் யாருக்காக? எனக்காகத்தானே? நான்தான் கூப்பிடறேன், வாங்க.”

நிழல் நின்றது. குருவிகள் இறங்கின. அது அவள் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ள, இரண்டு நிழலோடு அவள் கும்பகோணம் டவுன் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க ஃப்ரீம்மா. இவரு ஆம்பள நெழலாச்சே, டிக்கெட் எடுக்கணும்” என்றார். எடுத்தாள்.

வங்கி வாசலில் நிழல் உத்திராபதியின் காலில் வந்து ஒட்டிக்கொண்டது. வெயிலில் உழைத்துச் சற்றுக் கறுத்திருந்தது. சபரிநாதன் கையெழுத்துப் போட்டார். “சரி, வா, போகலாம்” என்று திரும்பிய உத்திராபதியால் நகர முடியவில்லை. மூன்று வருஷக் களைப்பில் நிழல் அங்கேயே தூங்கிவிட்டது. நனைந்த நெல்மூட்டை மாதிரி காலில் கனத்தது. இழுத்தார், உதறினார். “எழுப்பாதீங்க” என்றாள் நீலாயதாட்சி. வேறு வழியில்லாமல் படியில் உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து அவள் காபி வாங்கி வந்து கொடுத்தாள். எழுந்து நடக்க வழியில்லாததால், முழுசாகக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரற்கடை கிடந்தது.

“ஏன் நீலா, நம்ம வீட்டுலயும் அடியில இப்படித்தான் இருக்குமா?”

“முப்பது வருஷமா அலம்பி ஊத்தறேன்” என்றாள்.

பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு நிழல் வேலைக்குப் போயிற்று. தக்காளி நாற்பது ரூபாய். ஆலை வருகைப் பதிவேட்டில் இப்போது நவம்பரில் ஒரு நாள், கூலியோடு, அதற்கு விடுப்பு எழுதுகிறார்கள். அன்றைக்கு டவுன் பஸ் கண்டக்டர் ஒன்றும் கேட்காமலே ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீலாயதாட்சியிடம் கொடுத்துவிடுகிறார்.