சிவந்த நிழல்களின் கணக்கு

மாத்திரைத் தொழிற்சாலையில் ஒரு திங்கட்கிழமை காலை ஐம்பத்தொன்பது பேருடைய நிழல் சிவந்துபோனது. மேலாளர் வாங்கி வைத்த புது வாசல்தான் காரணம். பார்க்க வெறும் மர நிலையும் பூட்டிய கதவும்தான். கம்பியோ விளக்கோ கிடையாது. திருடியவர் அதைத் தாண்டினால் நிழல் சிவந்துவிடும், மறுபடி தாண்டும்வரை அப்படியே இருக்கும். திருடன் ஒருவனையும் தப்பவிடாது, ஆனால் நல்லவர்கள் நூறு பேரில் ஐந்து பேரைத் தவறுதலாகச் சிவக்க வைக்கலாம் என்று கூடவே வந்த தாளில் எழுதியிருந்தது. கிடங்கில் பெட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எடுப்பது பத்துப் பேர் என்பதுவரை காவலர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். எந்தப் பத்துப் பேர் என்றுதான் தெரியவில்லை. வேலை செய்யும் ஆயிரம் பேரையும் வரிசையாக நடக்கவிட்டு, சிவந்தவர்களை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். தலைவலிக்குக்கூட வேலையிடத்திலிருந்து ஒரு மாத்திரை எடுத்து வந்தவளில்லை. அவளுடைய அக்காவுக்கும் அங்கேதான் வேலை. ஆயிரம் மாத்திரைக்கு எத்தனை பழுது என்று மாதிரி எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தங்கையின் காலடியில் பீட்ரூட் சாறு கொட்டியதுபோல் நிழல் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சரியாச் சொல்ற வாசல்மா," என்றார் மேலாளர். "உன் தங்கச்சி விஷயத்துல மட்டும் தப்பாச் சொல்லுமா?"

"நல்லவங்க தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் சார். அதுல நூத்துக்கு அஞ்சுன்னா நாப்பத்தொன்பது பேர் வந்துடுது. திருடங்க பத்து. சிவந்த அம்பத்தொன்பது பேர்ல பத்தே பேர்தான் திருடங்க. மத்தவங்க வயித்துல ஏன் சார் அடிக்கிறீங்க? நிகழ்தகவுக் கணக்குல பேய்ஸ் தேற்றம்னு இதுக்குப் பேரே இருக்கு."

"பேயா?" என்று மேலாளர் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பேய்க்கணக்கு என்று பெயர் விழுந்தது.

மறுநாள் காலை பேய்க்கணக்கு ஐம்பத்தொன்பது பேரையும் திரட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். இன்னொரு தடவை நடந்தால் நல்லவர்களில் பெரும்பாலோருக்கு நிழல் கறுத்துவிடும் என்பது அவள் கணக்கு. காவலரின் மைத்துனனும் அந்தக் கூட்டத்தில் இருந்ததால் அவர் மறுபேச்சில்லாமல் பூட்டைத் திறந்தார். நாற்பத்தேழு பேருக்குக் கறுத்தது. சிலர் நம்பாமல் தங்கள் நிழலையே மிதித்து மிதித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேருக்குச் சிவப்பு போகவில்லை. தங்கை அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

பன்னிரண்டில் பத்துப் பேர் திருடர்கள். அக்காவின் தேற்றமே அப்படிச் சொன்னது. கண் இமைக்கும் நேரம்தான் அவள் தங்கையைச் சந்தேகத்தோடு பார்த்தாள். தங்கை அதைக் கண்டுவிட்டாள்.

"என்னக்கா, நீயும் கணக்குப் போடறியா?"

"இன்னொரு தடவை நடந்துடுடி. கறுத்துடும்."

"இன்னும் எத்தனை தடவை? நான் எடுக்கலேன்னு ஒரு தடவை சொன்னது உனக்குப் பத்தலையா?"

நாற்பத்தேழு பேரை ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற பன்னிரண்டு பேருக்கும் வேலை போனது, தங்கை மறுபடி அந்த வாசலைத் தாண்டவே இல்லை. பெட்டிகள் காணாமல் போவதும் நின்றது. வாசல் சொன்னது சரிதான் என்று ஊர் பேசியது. அதில்தான் அக்காவுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. தங்கை இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா முதலில் மேலாளரைத் திட்டினாள், பிறகு தேற்றத்தைத் திட்டினாள், ஒருநாள் ஆத்திரத்தில் நோட்டைக் கிழிக்கப்போனபோதுதான் தேற்றத்தில் தப்பில்லை என்று புரிந்தது. சோதிப்பதற்கு முன்பே உனக்கு என்ன தெரியும் என்றுதான் அது எடுத்த எடுப்பில் கேட்கிறது. அந்த இடத்தில் அவள் தங்கையை ஆயிரத்தில் யாரோ ஒருத்தியாகப் போட்டிருந்தாள். முப்பது வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்ததை எந்த வரியிலும் சேர்க்கவில்லை.

அன்று வேலைக்குப் போனதும் காவலரிடமிருந்து சாவியைப் பிடுங்கி வாசலைத் திறந்து நடக்க ஆரம்பித்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். காவலர் எண்ணிக்கொண்டே இருந்தார். இருபத்து மூன்றாவது தடவை நிழல் சிவந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

மேலாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "நீ எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாம்மா? இன்னொரு தடவை நடந்துடு, சரியாயிடும்."

"என்னைத் தெரியும்ல? அவளை எனக்கு அதைவிட நல்லாத் தெரியும்," என்று சொல்லிக் கையுறைகளை அவர் காலடியில் வீசிவிட்டுப் போனாள்.

தங்கை கொல்லையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நிழலைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை நடந்தே?"

"இருபத்து மூணு."

"அறிவுகெட்டவளே," என்று திட்டிவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பிடித்துப் பிழியச் சொன்னாள்.

இப்போது இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார்கள். கடையில் எப்போதும் கூட்டம்தான். நூலின் நிறத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும், வந்தவர்கள் துணியை அக்கா தங்கையின் சிவந்த நிழலிலிருந்து தள்ளி எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள்.