சாக்குநூல் தைத்த செருப்பு

என் வாப்பா ஸக்கரியாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: கள்ளன், கள்ளன் இல்லாதவன். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறார். போன வருஷம் என்னைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, கடையில் கேட்காமல் ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டான். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது.

நான் உளவியல் டிப்ளோமா படிக்கிறேன். ஒருநாள் சாப்பிடும்போது வகுப்பில் கேட்டதைச் சொன்னேன்.

"தப்பு செய்றவன் முதல்ல மனசுக்குள்ள ஒரு நியாயம் தேடிக்கிறான் வாப்பா. எனக்குத்தான் முதல்ல அநியாயம் நடந்திச்சு, எல்லாரும் செய்றதுதானே, இதால யாருக்கு நட்டம்... இப்படி. அதுக்குப் பிறகுதான் கை நீளுது."

"கள்ளனுக்கு என்ன நியாயம்? கை அரிப்பு. சோத்தத் தின்னுங்க மகள்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் றினோஸ் பெண் கேட்டு வரப்போகிறார். யட்டவத்தயில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன், பிடித்துப் போயிற்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இந்தச் சம்பந்தமும் முறிந்தால் நான் தாங்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை டவுன் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. தொழுகை நேரத்தில் நல்ல மழை. வாப்பா அவசரமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் றினோஸும் அவருடைய மாமா முத்தலிபும் வந்தார்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். வாசலில் றினோஸ் செருப்பைக் கழற்றினார். நான் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன்.

அது வாப்பாவின் செருப்பு! வார் அறுந்தபோது உம்மா கோணியூசி கொண்டு சாக்குநூலால் தைத்துக் கொடுத்தது. மாத்தளையில் வேறு எவன் காலில் அது இருக்கும்?

பின்பக்கமாக ஓடிப்போய் அதை ஒளித்து வைக்கக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து வாப்பா வெளியே வந்தார்; பின்னாலேயே அவர்கள் இருவரும்.

"மர்வா, அது என்ட செருப்பு! யார் போட்டு வந்த?"

றினோஸின் முகம் வெளுத்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"நான்தான். பள்ளியில என்ட செருப்ப யாரோ எடுத்துட்டாங்க. வெறுங்காலோட எப்படி வாறது? அங்க எல்லாரும் மாத்திப் போடுறதுதானே. பின்னேரம் கொண்டுபோய் வச்சா யாருக்கு நட்டம்னு..."

மூன்று நியாயமும் வரிசை தவறாமல் வந்தன. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாப்பா வாயைத் திறந்தார். அதற்குள் றினோஸ் வாசலில் கிடந்த கறுப்புச் செருப்பைக் காட்டினார்.

"இது... என்டது."

வாப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"படியில வச்ச செருப்பக் காணல்ல," என்றார் மெதுவாக. "எவனோ தூக்கிட்டான். வீட்டுக்கு ஆள் வார நேரம், சுவரோரம் கிடந்த ஒரு சோடிய மாட்டிட்டு வந்தேன். பள்ளியில எல்லாரும் செய்றதுதானே..."

"உங்க செருப்ப யாரும் தூக்கல்லயே!" என்றார் முத்தலிப் மாமா. "மழையில நனையும்னு பாங்கு சொல்ற மோதினார் படியில கிடந்த அவ்வளவையும் அள்ளி வராந்தாவில குவிச்சாரு. நான் கிளறித்தான் என்டத எடுத்தேன்."

ஆக, முதலில் நீண்ட கை என் வாப்பாவுடையது. எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் பயமும் போகவில்லை; அவமானப்பட்ட மனிதர் கோபத்தில் எல்லோரையும் துரத்திவிட்டால்?

வாப்பா இரண்டு சோடியையும் மாறி மாறிப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு முகம் தெளிந்து, றினோஸின் தோளில் கை போட்டார்.

"மாமனும் மருமகனும் செருப்ப மாத்திப் போட்டா அது களவா? வீட்டுக்குள்ள நடந்தது. உள்ள வாங்க மகன்."

இதுவும் அசல் பாடப்புத்தக நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.