எட்டு மணிக்குள் போட்டோ

ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் அன்று மாலை இருந்தவர்கள்: என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியர் எபினேசர். முதல் பெஞ்சில் கைக்குழந்தையோடு ரஹீமுன்னிசா. அடுத்த பெஞ்சில் ஆட்டோ ஓட்டும் கோதண்டம். முட்டி நுழையாமல் குறுக்கே உட்கார்ந்திருந்தார். பின்னால் மற்ற பெற்றோர். கன்னியம்மா மட்டும் கதவோரம் தரையில்; வெளியே வைத்த மீன்கூடையின் மேல் ஒரு கண். அவர் மகள் மதி வராந்தாவில் நின்றாள். வகுப்பாசிரியனான நான் கரும்பலகையருகே நின்றேன். காலையிலிருந்தே நிற்கிறேன்.

இந்த மாதம் வந்த புதிய விதிகளை இன்னொரு முறை வாசித்தேன். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. வகுப்பில் கெட்ட வார்த்தை கூடாது. வீட்டுப்பாடத்தை இரவு எட்டுக்குள் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். மாதத்தில் மூன்று முறை தவறினால் போட்டிகளுக்குப் போக முடியாது.

மதி ஏழு முறை தவறியிருந்தாள். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவள்தான். வியாசர்பாடிப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் அன்றே போய்ச் சேர வேண்டும். கடிதம் என் மேசையில் பாதியில் கிடந்தது.

"மதி பேரை எடுத்துடுங்க சார்" என்றார் எபினேசர்.

கன்னியம்மா எழுந்தார். "இன்னா சார் ஞாயம் இது? எட்டு மணிக்கு நான் ரோட்டோரம் மீன் வித்துகினு கீறேன். போனு எங்கையில கீது. வாங்கறவங்க ஸ்கேன் பண்ணிட்டுப் பூடறாங்க. துட்டு வந்துச்சான்னு அதுலதான பாக்கணும்? பொண்ணு எழுதிட்டுத்தான் தூங்குது. நோட்ட பாரு."

பார்த்தேன். ஏழு நாள் பாடமும் இருந்தது.

"மத்தவங்க அனுப்பறாங்களேம்மா" என்றார் எபினேசர்.

கோதண்டம் சிரித்துவிட்டார். "அட போ சார்! என் பையன் பாரி எழுதுன ஒரே பக்கத்த நாலு நாளு நான்தான் ஸ்டாண்டுலேர்ந்து அனுப்பிச்சேன். நம்ம சாரு நாலுக்கும் கட்டவிரல் போட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பார்க்கும் போட்டோக்கள் அவை. பெரிதாக்கிப் படிக்கத் தெம்பு இருந்ததில்லை.

"பாரியை நாளைக்கு என்கிட்ட அனுப்புங்க" என்றார் எபினேசர்.

"அவன் இன்னா சார் பண்ணான்? அனுப்பிச்சது நானு."

"அப்ப நீங்களே வாங்க."

"மதி நோட்டைக் காலையில நானே பாத்துடறேன் சார்" என்றேன்.

"மதிக்கு மட்டும் ஏன் சார்?" என்றார் ரஹீமுன்னிசா. "என் பையன் அத்னானோட அத்தா போனோட வூடு வர்றப்ப மணி பத்தாயிடுது. இவன் டெய்லி பக்கத்து வூட்ல போயி போன் கேட்டு நிக்கறான். எங்களுக்கும் நோட்டுதான்."

பின்பெஞ்சுகளில் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

எபினேசர் என்னைப் பார்த்தார். "அத்தனை நோட்டும், முதல் மணிக்கு முன்னாடி. முடியுமா சார்?"

எண்ணூரில் நான் ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். இனி அதற்கு முந்தைய பஸ்.

"முடியும் சார்." என் குரலை நானே நம்பவில்லை.

"அப்புறம் தலைவலின்னு வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எட்டு மணி விதியைப் பேனாவால் அடித்தார்.

கோல்கீப்பர் என்ற இடத்தில் மதியின் பெயரை எழுதிக் கடிதத்தை முடித்தேன். அவர் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். உறையை ஒட்டி, வியாசர்பாடிப் பக்கம் சவாரி போகவிருந்த கோதண்டத்திடம் கொடுத்தேன்.

"மாமு, பத்திரம். ஈரக் கையில தொடாத" என்றார் கன்னியம்மா.

"மீன்காரி நீ சொல்றியா?" என்று உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர் ஆட்டோவைக் கிளப்பினார்.