சந்திராஷ்டமம் முடிகிற வரை

ஹாரிகாவுக்கு ஜெர்மனி கிடைத்துவிட்டது. ஜெனிதாவுக்குக் கிடைக்கவில்லை. சொல்வதற்கு இரண்டு வரிதான். அவளுக்கு ஜீரணமாக இந்தப் பிறவி போதாது.

கோயமுத்தூரில் ஒரே கல்லூரி, மூன்று வருடமாக ஒரே பெஞ்சு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு மாணவர்களைக் கூப்பிட்டு, காலையில் பாடமும் மதியம் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்டர்ன்ஷிப்பும் தருகிறது என்று கண்டுபிடித்தவளே ஜெனிதாதான். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேன்டீனில் பப்ஸ் தின்றுகொண்டே ஹாரிகாவிடம் சொல்லித் தொலைத்தாள். "சும்மா போட்டு வெக்கறேன்டி" என்று விண்ணப்பித்தவளுக்கு இடம். அவள் எழுதியதை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர். அவர்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். ஹாரிகா விட்டால்தான் ஜெனிதா.

வெள்ளிக்கிழமை மெயில் வந்ததும் "செமடி!" என்று கட்டிப்பிடித்துக் கத்தியது பொய்யில்லை. கட்டிப்பிடித்த கையை எடுப்பதற்குள் வயிறு எரிய ஆரம்பித்ததும் பொய்யில்லை. கணபதியில் இருக்கிற வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவளுக்கு ஹாரிகாவிடம் இருந்ததெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. வாசலில் கார். போன வருடம் குடும்பத்தோடு துபாய். இத்தனையும் போதாதென்று இதுவும் அவளுக்கா?

சனிக்கிழமை ஹாரிகா போன் செய்தாள்.

"அம்மா நாள் பாக்கோணும்ங்கறாங்கடி. இன்னிக்கு சனிக்கெழம, ஆகாதாம். நாளைல இருந்து செவ்வா வரைக்கும் எனக்குச் சந்திராஷ்டமமாம், ஒண்ணுஞ் செய்யக்கூடாதாம். புதங்கெழம காலைல நல்ல நேரத்துலதான் ஓகே அமுக்கோணுமாம். நீயும் வந்துரு, என்ன?"

"செரி" என்றாள் ஜெனிதா. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இடம் கிடைத்தவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இணையத்தில் சம்மதம் சொல்லியாக வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்களுக்கு வந்த மெயிலிலும் அது இருந்தது. ஹாரிகா எதையும் முழுசாகப் படிக்கிற ஆள் இல்லை. பரீட்சையில் கேள்வித்தாளையே பாதிதான் படிப்பாள்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஜெனிதா அதைச் சொல்லாமலே கழித்தாள். நானா அவர்களை நாள் பார்க்கச் சொன்னேன் என்று தனக்குத்தானே வாதாடினாள். திங்கட்கிழமை வகுப்பில் ஹாரிகா போனை நீட்டி ஒரு ஸ்வெட்டரைக் காட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கலர் நல்லாருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா அற்புதம் வழக்கம்போல அவளை அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப்போனாள். ஜெனிதா மெழுகுவத்தி ஏற்றி வெகுநேரம் முழங்காலில் நின்றாள்.

"என்ன கண்ணு வேண்டிக்கிட்டே?"

"பரீட்சைக்குங்மா."

அந்தோணியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். அடுத்தவளுக்குக் கிடைத்ததைத் தொலைத்துக் கொடு என்று அவரிடம் போய் நின்றவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஹாரிகாவின் பெயரைத் தொடவில்லை.

புதன்கிழமை காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி கிணத்துக்கடவில் இறங்கினாள். ஹாரிகாவின் வீட்டில் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஹாரிகாவின் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்த தெலுங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வா அம்மணி, வா. நீதான் அமுக்கோணும். நீ திருத்திக் குடுத்துத்தான இவளுக்குக் கெடச்சுது? உன்ற கைராசி அது."

ஜெனிதா ஓரடி பின்வாங்கினாள். காலக்கெடு முடிந்தது என்று திரையில் வரப்போகிறது, அதுவும் தன் விரலால். "வேண்டாங்க ஆன்ட்டி" என்றாள். யாரும் கேட்கவில்லை. ஹாரிகாவோ பக்கத்தில் நின்று கண்ணடித்தாள். வேறு வழியில்லாமல் அமுக்கினாள்.

'உங்கள் சம்மதம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று ஆங்கிலத்தில் வந்தது. பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி. அவள் படித்து முடிப்பதற்குள் ஹாரிகா லேப்டாப்பை மூடி, "ஆயிருச்சுங்மா!" என்று கத்தினாள். ஆன்ட்டி ஜெனிதாவின் வாயில் கேசரியை ஊட்டிவிட்டார்.

ஹாரிகா அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

"மெயில் வந்தன்னிக்கே அமுக்கிப்போட்டேன்டி. செவ்வாயோட முடியுது, இவங்க புதங்கெழம நாள் பாத்தா எப்புடி? அம்மா மனசு நோகுமேன்னுதான் இந்த நாடகம். நேத்தெல்லாம் உன்ற போனுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். பதறிப்போயிக் கூப்புடுவே, நல்லாத் திட்டுவே, அப்பச் சொல்லிக்கலாம்னு..."

அங்கேயே அவளுடைய பேச்சு நின்றது. சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமானது.

"நீ கூப்புடவே இல்லியேடி."

ஜெனிதா கேசரியை விழுங்கினாள்.

"தேதி உனக்குந் தெரியுந்தான?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மெயிலைப் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். ஹாரிகா நம்பத் தயாராக நின்றாள், நம்ப வேண்டும் என்று முகத்தில் கெஞ்சல்கூட இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஜெனிதாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. நல்லவளாக இருப்பதும் இவளுக்குத்தானா எளிது?

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் சொல்லல. உனக்குக் கைவிட்டுப் போகோணும்னு நெனச்சேன். எனக்கு வரோணும்னு நெனச்சேன்."

ஹாரிகா திட்டவில்லை. துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "என்னாச்சு கண்ணு, ஏன் அழுவறே?" என்று பின்வாசலுக்கு வந்த ஆன்ட்டி கேட்டார்.

"ஜெனியப் பிரிஞ்சு போறனேன்னுங்மா" என்றாள் ஹாரிகா.

ஜெனிதாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கும் அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அதுவும் ஹாரிகாவுக்குத்தான்.